நான்கு சிகரங்களும் ஒரு கையெழுத்தும்: கொலராடோவின் டெகாலிப்ரான் பாதை மூடித் திறந்த கதை

2021 மார்ச்சில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மஸ்கிட்டோ மலைத்தொடரின் மூன்று சிகரங்களுக்குப் போகும் வழி மூடப்பட்டது. பனிச்சரிவு இல்லை, காட்டுத்தீ இல்லை, அரசு உத்தரவும் இல்லை. சிகரங்களின் சொந்தக்காரர் இனி யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

டெமாக்ரட், கேமரன், லிங்கன் ஆகியவை அந்த மூன்று. பக்கத்திலேயே ப்ராஸ் என்று நான்காவது ஒன்று உண்டு. அதன் உச்சி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மூடித்தான் கிடந்தது. நான்கும் 14,000 அடியைத் தாண்டியவை, அதாவது 4,267 மீட்டருக்கு மேல். நான்கின் பெயரிலிருந்தும் ஒவ்வொரு துண்டை எடுத்து ஒட்டி, இவற்றைச் சுற்றிவரும் பாதைக்கு ‘டெகாலிப்ரான்’ என்று மலையேறிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். கைட் ஏரிக்கரையில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிற ஏழு மைல் சுற்று அது. ஏரியே சுமார் 12,000 அடியில் இருப்பதால் பாதி உயரத்தை வண்டியிலேயே ஏறிவிடலாம்; ஒரே நாளில் நான்கு சிகரங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கறாராகப் பார்த்தால் கேமரன் தனிச் சிகரமே இல்லை. லிங்கனுக்கும் அதற்கும் நடுவில் உள்ள பள்ளம் 300 அடிகூட இறங்காததால் பட்டியல் போடுகிறவர்கள் பலர் அதைச் சேர்ப்பதில்லை. ஏறியவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள்.

கொலராடோவில் 14,000 அடி தாண்டிய சிகரங்களை ஒவ்வொன்றாக ஏறி முடிப்பது பலருக்கு வாழ்நாள் விரதம் மாதிரி. கொலராடோ ஃபோர்டீனர்ஸ் இனிஷியேட்டிவ் என்ற பாதைப் பராமரிப்பு அமைப்பின் மதிப்பீட்டில், 2020-ல் இந்தச் சிகரங்கள் எல்லாவற்றிலுமாகச் சேர்த்து 4,15,000 ஏற்றங்கள். 2021-ல் அது 3,03,000 ஆகக் குறைந்தது. பெருந்தொற்றுக் காலத்துக் கூட்டம் வடிந்தது ஒரு காரணம், டெகாலிப்ரான் போன்ற இடங்கள் மூடப்பட்டது இன்னொன்று. எனவே இதை ஏதோ மூலையில் கிடக்கும் மலையின் பஞ்சாயத்து என்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் இயற்கை இடம் தனியார் கையில் இருக்கும்போது அங்கே போய்வருவது எதில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை இவ்வளவு வெளிச்சமாகக் காட்டும் வழக்குகள் குறைவு.

மலை உச்சிக்குப் பட்டா எப்படி வந்தது

முதலில் எழும் கேள்வி இதுதான். சுற்றிலும் இருப்பதெல்லாம் அரசுக் காடு. உச்சி மட்டும் எப்படி ஒருவர் பெயருக்குப் போனது?

பதில் வெள்ளியில் இருக்கிறது. 1871-ல் ப்ராஸ் மலையின் உச்சிக்குப் பக்கத்தில் வெள்ளித் தாது கிடைத்தது. மறு ஆண்டு, 1872-ல், அமெரிக்க நாடாளுமன்றம் பொதுச் சுரங்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு நிலத்தில் தாது கண்டவர் அதன் ஓட்டத்தை ஒட்டி நீளத்தில் 1,500 அடியும் அகலத்தில் இருபுறமும் 300 அடியும் அளந்து தனக்கென்று குறித்துக்கொள்ளலாம். வேலை நடந்ததைக் காட்டி ஏக்கருக்கு ஐந்து டாலர் கட்டினால் அந்த நிலமே அவர் பெயருக்குப் பட்டாவாகிவிடும். சுரங்க உரிமை மட்டுமில்லை, தரையும் சேர்த்து. ஒரு துண்டு அதிகபட்சம் இருபது ஏக்கர் சொச்சம்.

வெள்ளி ஓட்டம் மலையின் அமைப்பைப் பார்த்தா போகும்? அது போன திசையில் பட்டாக்களும் போயின. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, குறுக்கே வெட்டி, உச்சிகளைத் தாண்டி அந்தப் பக்கமும் இறங்கின. 1893-ல் வெள்ளி விலை சரிந்து வீழ்ந்த பிறகு சுரங்கக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். பட்டா மட்டும் தங்கிவிட்டது. அது வாரிசுகளுக்கும், வாரிசுகளின் வாரிசுகளுக்கும், பிறகு விலைக்கு வாங்கியவர்களுக்கும் கைமாறியது. புதிய பட்டா தருவதை 1994-லிருந்து நாடாளுமன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது. பழையது பழையதுதான்.

இன்று அந்தச் சரிவுகளில் நடந்தால் இடிந்த மரச்சட்டங்கள், துருப்பிடித்த கம்பிவடம், கழிவுக்கல் குவியல், அங்கங்கே தரையில் திறந்து கிடக்கும் குழி என்று அந்தக் காலத்தின் மிச்சங்கள் கண்ணில் படும். படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். சொந்தக்காரருக்குத் தூக்கம் போவதும் அதனால்தான். மக்கிய மரத்தின் மேல் மண் மூடிய குழி மேலிருந்து பார்த்தால் தரை போலவே இருக்கும். சுரங்க வாய்க்குள் பத்தடி போனால் காற்றே சரியில்லாமல் இருக்கலாம். குடும்பத்தோடு வருகிறவர்களில் யாராவது ஒரு சிறுவன் உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டான்.

2005-லும் இதே பயத்தில் இந்தச் சிகரங்கள் மூடப்பட்டன. அப்போது கைகொடுத்தது அடிவாரத்தில் உள்ள அல்மா என்ற சிற்றூர். சில நூறு பேர் வாழும் அந்த ஊர் நிர்வாகம், பாதை போகும் நிலத்தை உரிமையாளரிடமிருந்து பெயரளவுத் தொகைக்குக் குத்தகைக்கு எடுத்தது. பொழுதுபோக்குக்காக நிலத்தைப் பொது அமைப்புக்குக் குத்தகைக்கு விட்டால் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு என்று மாநிலச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது, அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2006-ல் சட்டத்திலும் பழைய சுரங்கம் உள்ள நிலத்துக்குச் சாதகமாக ஒரு திருத்தம் வந்தது. மூன்று சிகரங்கள் திறந்தன. ப்ராஸ் உச்சி மட்டும் திறக்கவில்லை, ஏனென்றால் அது பல உரிமையாளர்களின் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. எல்லோரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர முடியவில்லை.

இலவச விருந்தாளியும் அத்துமீறி நுழைந்தவனும்

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்தே ஆக வேண்டும். வறட்டு விஷயம்தான், ஆனால் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கொலராடோவில் 1965-லிருந்து ஒரு சட்டம் உண்டு. தன் நிலத்தில் மற்றவர்கள் காசில்லாமல் நடக்க, வேட்டையாட, மீன்பிடிக்க விடுகிற உரிமையாளர், அந்த நிலம் ஆபத்தில்லாமல் இருக்கும் என்று யாருக்கும் உத்தரவாதம் தர வேண்டியதில்லை. நல்ல மனதோடு கதவைத் திறந்துவிட்டவர் அதற்காகவே நீதிமன்றப் படியேறக் கூடாது என்பது நோக்கம். கட்டணம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால்தான் அமெரிக்காவில் பல தனியார் நிலங்களில் ஒரு டாலர்கூட வாங்காமல் உள்ளே விடுகிறார்கள். தாராளம் மட்டுமில்லை, கணக்கும் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு. உரிமையாளருக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் ஆபத்து, அதனால் கேடு வரும் வாய்ப்பு இருந்தும், வேண்டுமென்றோ கெட்ட எண்ணத்தோடோ தடுக்காமலோ எச்சரிக்காமலோ விட்டிருந்தால் பாதுகாப்பு கிடையாது. வாசிக்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. வேண்டுமென்றே என்பதை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதுதான் சிக்கல்.

மறுபக்கம், அனுமதியில்லாமல் நுழைந்தவர் கதை வேறு. அவருக்கு உரிமையாளர் திட்டமிட்டுத் தீங்கு செய்தால்தான் பொறுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “வாருங்கள், நடந்துவிட்டுப் போங்கள்” என்று சொன்னவருக்கு இருக்கும் பயம், “வராதே” என்று பலகை மாட்டியவருக்கு இல்லை. தன் நிலத்தின் ஒவ்வொரு குழியையும் தெரிந்துவைத்திருப்பவருக்கு இருக்கும் பயம், ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவருக்கு இல்லை. நிலத்தை நேசிப்பவருக்குத் தண்டனை, அலட்சியக்காரருக்கு நிம்மதி. சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த விதிவிலக்கைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலையைக் கொண்டுவந்தது மலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சைக்கிள் விபத்து.

நெல்சன் வழக்கு

2008 செப்டம்பரில், கொலராடோ ஸ்ப்ரிங்ஸ் நகரை ஒட்டிய அமெரிக்க விமானப்படை அகாடமியின் நிலத்தில், தார் போட்ட ஒரு பாதையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போன நெல்சன் என்பவர், தண்ணீர் அரித்துக் குழியாகிப்போன இடத்தில் விழுந்து படுகாயமடைந்தார். வழக்கு அமெரிக்க அரசின் மேல் பாய்ந்தது. விபத்திலிருந்து கடைசித் தீர்ப்பு வரை பதினொரு ஆண்டு இழுத்தது.

அகாடமி அந்தப் பாதையைப் பொதுமக்களுக்கென்று அறிவித்துத் திறந்ததில்லை. ஆனால் மக்கள் அதில் போய்வந்துகொண்டிருந்தார்கள், அகாடமிக்கும் அது தெரியும், யாரும் தடுக்கவில்லை. 2016-ல் கொலராடோ வழக்குகளைக் கேட்கும் ‘பத்தாவது சர்க்யூட்’ என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிக் கண்டும் காணாமல் விடுவதும் மறைமுகமான அனுமதிதான், எனவே 1965-ன் பொழுதுபோக்கு நிலச் சட்டம் இங்கே பொருந்தும் என்றது. இதுவரைக்கும் அரசுக்கு ஆறுதல், பாதுகாப்பு கிடைத்துவிட்டதல்லவா? அப்புறம் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அங்கே விதிவிலக்கு குறுக்கே வந்து நின்றது.

அகாடமியில் வேலை பார்த்த ஓர் உயிரியலாளர், விபத்துக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே அந்தக் குழியைப் பார்த்திருக்கிறார். புகைப்படமும் எடுத்திருக்கிறார். ஆனால் பாதையைப் பராமரிப்பவர்களிடம் சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு தடுப்போ பலகையோ வைக்கவும் ஏற்பாடு செய்யவில்லை. அவர் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆபத்து தெரிந்திருந்தது, எச்சரிக்கை இல்லை, அது வேண்டுமென்றே விட்டதற்குச் சமம் என்று நீதிமன்றம் முடிவுகட்டியது. ஏறத்தாழ எழுபது லட்சம் டாலர் நஷ்டஈடு. 2019-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

அமெரிக்க அரசுக்கு எழுபது லட்சம் டாலர் ஒரு பொருட்டில்லை. பழைய சுரங்க நிலத்தை வைத்திருக்கும் ஒரு தனி மனிதருக்கு? அவர் நிலத்தில் ஒரு குழி இல்லை, நிறையக் குழிகள். எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் 2005-ல் மூடியதற்கே அவைதான் காரணம். நெல்சன் தீர்ப்பைப் படித்த எந்த வக்கீலும் அவரிடம் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மூடிவிடுங்கள்.

சிகரங்கள் மூடப்பட்டபோது இணையத்தில் வந்த வசவுகளில் பாதி, பணக்காரர் ஒருவர் மலையைத் தனக்கென்று அமுக்கிக்கொண்டார் என்கிற ரீதியில்தான் இருந்தன. ஆதாரத்தைப் பார்த்தால் அது ஒட்டவில்லை. அவர் காசும் கேட்கவில்லை, வேலியும் போடவில்லை. பயந்துபோயிருந்தார். அதே ஆண்டில் கொலராடோவின் இன்னொரு சிகரமான மவுண்ட் லிண்ட்சேயின் வழக்கமான பாதையும் வேறோர் உரிமையாளரால் இதே காரணத்துக்காக மூடப்பட்டதைச் சேர்த்துப் பார்த்தால், இது ஒருவருடைய குணம் சம்பந்தப்பட்டதில்லை என்பது விளங்கும்.

மூடு, திற, மூடு, திற

2021 ஆகஸ்டில், பலகைகள் வைத்து, பாதையைத் தெளிவாகக் குறித்த பிறகு மூன்று சிகரங்களும் மறுபடி திறந்தன. அது தற்காலிக ஒட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். நிரந்தரத் தீர்வு சட்டத்திருத்தம்தான் என்று மலையேற்ற அமைப்புகளும் நில உரிமையாளர்களும் ஊர் நிர்வாகங்களும் ஒன்றுசேர்ந்து கேட்டார்கள். 2023-ல் ஒரு மசோதா வந்தது. காயம்பட்டவரின் உரிமையைப் பறிக்கிறது என்ற எதிர்ப்பில் மாநில செனட் குழுவிலேயே அது விழுந்துவிட்டது. உரிமையாளர் அந்த வசந்தத்தில் மறுபடி மூடினார்.

எதிர்ப்பு முழுக்கச் சொத்தை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதிவிலக்கை அடியோடு எடுத்துவிட்டால், பாதை நடுவே வாய்பிளந்து கிடக்கும் குழியைத் தெரிந்தே மூடாமல் விட்டவரும் தப்பித்துக்கொள்வார். முதுகெலும்பு முறிந்து படுத்திருப்பவரிடம் போய், “உரிமையாளர் இலவசமாகத்தானே விட்டார்” என்று சொல்ல முடியுமா?

2023 கோடையில் பாதை திறந்தபோது ஒரு புது நிபந்தனை சேர்ந்திருந்தது. மலையேறும் முன் ஒவ்வொருவரும் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் மின்னணுக் கையெழுத்துப் போட வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் க்யூஆர் கோடு உள்ள பலகை. போனில் ஸ்கேன் செய்தால் படிவம் வரும். பெயர் கொடுத்து, ஆபத்துகளைப் படித்தேன், என் பொறுப்பில் போகிறேன் என்று ஒப்புக்கொண்டால் முடிந்தது. அந்த மலை மடிப்புகளில் போன் சிக்னலை நம்ப முடியாது என்பதால் விவரம் தெரிந்தவர்கள் கிளம்பும் முன்பே இதை முடித்துவிட்டுத்தான் வண்டியேறினார்கள்.

இந்தப் படிவத்தைப் பற்றி இரண்டு விதமான தப்பெண்ணம் உலவுகிறது. ஒன்று, இது வெறும் காகிதம், நீதிமன்றத்தில் நிற்காது என்பது. கொலராடோவில் அப்படியில்லை, வயதுவந்தவர் தெளிவான வாசகத்தில் கையெழுத்திட்டிருந்தால், சாதாரணக் கவனக்குறைவு சார்ந்த வழக்குகளில் பெரும்பாலும் நிற்கும். பெற்றோர் தம் பிள்ளைகளுக்காகக் கையெழுத்திடவும் 2003-லிருந்து அங்கே சட்டமே இடம் தருகிறது. மற்றது, கையெழுத்துப் போட்டால் உரிமையாளர் என்ன செய்தாலும் கேட்க முடியாது என்பது. அதுவும் தப்பு. வேண்டுமென்றே செய்த தீங்கைப் படிவம் மூடாது. உரிமையாளர் பயந்ததோ சரியாக அந்த இடத்தைப் பற்றித்தான்.

அப்படியானால் படிவத்தால் என்ன லாபம்? என் கணிப்பில் அதன் மதிப்பு துறப்பில் இல்லை, அறிவிப்பில் இருக்கிறது. இன்னின்ன சுரங்கக் குழிகள் உள்ளன, பாதையை விட்டு விலகினால் தரை உள்வாங்கலாம் என்று எழுதி, நாள் நேரத்தோடு ஒருவர் படித்ததற்கு ஆதாரம் வைத்திருக்கும் உரிமையாளரைப் பார்த்து “எச்சரிக்கவில்லை” என்று யாரும் வாதாட முடியாது. விதிவிலக்கின் அடிப்படையே எச்சரிக்கை இல்லாமைதான். அதைப் படிவம் பிடுங்கிவிடுகிறது.

பலகைக்கு ஒரு புகைப்படம்

இதே எண்ணத்தைத்தான் 2024-ன் சட்டத்திருத்தமும் பிடித்துக்கொண்டது. முந்தைய ஆண்டு தோற்ற மசோதா போல விதிவிலக்கை வெட்டாமல், எது போதுமான எச்சரிக்கை என்று வரையறுத்தது. பார்வையாளர் நுழையும் முக்கிய இடத்தில் பலகை இருக்க வேண்டும். “ஆபத்து, ஜாக்கிரதை” என்று மொட்டையாக இல்லாமல், உரிமையாளருக்குத் தெரிந்த ஆபத்து இன்னது என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். பலகை வைத்திருந்ததற்குப் புகைப்படம் போன்ற ஆதாரம் கைவசம் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தவர் வேண்டுமென்றே எச்சரிக்காமல் விட்டவர் ஆகமாட்டார். குறித்த பாதையை விட்டு விலகிப் போகிறவர் அத்துமீறி நுழைந்தவராகவே கருதப்படுவார் என்பதும் சேர்ந்தது. ஆளுநர் ஜாரெட் போலிஸ் 2024 மார்ச்சில் கையெழுத்திட்டார்.

நெல்சன் வழக்கில் அரசைக் கவிழ்த்ததும் ஒரு புகைப்படம்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குழியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டதால் வம்பு வந்தது. பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வம்பு தீர்கிறது.

பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்த்தால், இந்தத் திருத்தத்தில் கவனிக்க வேண்டியது அந்தப் பாதை விலகல் விதி. முன்பெல்லாம் பாதையை விட்டு நாலடி தள்ளிப்போய்ப் படம் எடுப்பது ஒழுங்கீனம் மட்டும்தான். இப்போது அந்த நாலடியில் உங்கள் சட்ட நிலையே மாறிவிடுகிறது: விருந்தாளியாக இருந்தவர் அத்துமீறியவர் ஆகிவிடுகிறார், அடிபட்டால் கேட்க நாதியில்லை. லிங்கன் சரிவில் இடிந்த சுரங்கக் கட்டடம் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் பாதையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கிடையே டெமாக்ரட் சிகரத்துக்கு வேறு வழி பிறந்தது. கன்சர்வேஷன் ஃபண்ட் என்ற நிலப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் அதன் உச்சியை உள்ளடக்கிய 289 ஏக்கரை உரிமையாளரிடமிருந்து விலைக்கு வாங்கியது, அமெரிக்க வனத்துறையிடம் சேர்ப்பதற்காக. விற்கவும் அவர் மனதாரச் சம்மதித்தார் என்பதை வசைபாடியவர்கள் கவனித்தார்களா தெரியாது.

காசு வாங்கியிருந்தால்?

இவ்வளவு தலைவலிக்குப் பதில் ஒரு சீட்டுக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். கொலராடோவிலேயே அதற்கு உதாரணம் உண்டு. தெற்கே குலெப்ரா சிகரம் முழுக்க ஒரு பண்ணைக்குச் சொந்தம். ஆளுக்கு நூறு டாலருக்கு மேல் வாங்குகிறார்கள், குறிப்பிட்ட நாட்களில், குறைந்த எண்ணிக்கையில் மட்டும், முன்பதிவோடு. இலவசச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை; அதற்கு ஈடாக வாசலில் யார் வந்தார், எப்போது இறங்கினார் என்ற பிடி இருக்கிறது, காப்பீட்டுக்குப் பணமும் வருகிறது. பண்ணைக்கு இது சரிப்படும், அங்கே ஒரே வாசல். கைட் ஏரிப் பக்கம் நிலம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது, சுற்றிலும் வனத்துறை நிலம், எந்தப் பக்கமிருந்தும் ஏறலாம். யார் எங்கே நின்று சீட்டுக் கிழிப்பது?

காசு கேட்டாலும் எல்லா இடத்திலும் எடுபடாது. ஐஸ்லாந்தில் கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்றுத் திடலின் ஒரு பகுதி அரசுடையது, மீதி தனியாருடையது. 2014 மார்ச்சில் தனியார் உரிமையாளர்கள் நுழைவாயிலில் நின்று 600 குரோனா வசூலிக்க ஆரம்பித்தார்கள். அரசு வழக்குப் போட்டது. சில வாரங்களிலேயே தடையுத்தரவு வந்தது. 2016-ல் மீதிப் பங்கையும் அரசே வாங்கிக்கொண்டது. அங்கே சண்டை வருமானத்தைப் பற்றி. கொலராடோவில் சண்டை வழக்கைப் பற்றி. இரண்டிலும் கடைசியில் பொதுப் பணமோ நன்கொடையோ போய்த்தான் முடிச்சை அவிழ்த்தது என்பது மட்டும் பொது.

போகிறவர்களுக்கு

இந்த வழக்கை வாசித்ததிலிருந்து, தனியார் நிலத்தில் உள்ள எந்த இயற்கை இடத்துக்குப் போனாலும் பொருந்தக்கூடிய சில விஷயங்கள் பிடிபடுகின்றன. போன வருடம் போனேன், யாரும் கேட்கவில்லை என்று நண்பர் சொல்வது இந்த வருடத்துக்குச் செல்லாது. டெகாலிப்ரான் நான்கே ஆண்டுகளில் எத்தனை தடவை நிலை மாறியது என்று பார்த்தீர்கள். கிளம்பும் வாரத்தில் பாதையைப் பராமரிக்கும் அமைப்பின் பக்கத்தையோ ஊர் நிர்வாகத்தையோ பார்த்துக்கொள்வதுதான் வழி. வரைபடச் செயலியில் பாதை கோடு போட்டிருப்பது அனுமதி ஆகாது. செயலிக்குப் பட்டா தெரியாது.

பலகையை நின்று படியுங்கள். அதில் எழுதியிருப்பது மிரட்டல் இல்லை, அந்த நிலத்தை நடந்து அறிந்த ஒருவர் தரும் தகவல். படிவம் இருந்தால் உங்களோடு வரும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும். குழுவுக்கு ஒருவர் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. நாய் கூட வந்தால் கயிறு கையில் இருக்கட்டும், சுரங்க வாய்க்குள் நாய் ஓடினால் பின்னாலேயே ஓடுவது நீங்கள்தான். மலை மலைதான் என்பதையும் மறக்க வேண்டாம்: கோடையில் அந்தத் தொடரில் பிற்பகல் இடிமின்னல் வாடிக்கை, ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது, எனவே விடியும் முன் ஏறத் தொடங்கி மதியத்துக்குள் இறங்கிவிடுவது வழக்கம்.

மூடியிருக்கும்போது ஏறிவிட்டு உச்சியில் நின்று படம் போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அபராதம் விழலாம், விழாமலும் போகலாம். ஆனால் அந்தப் படம், பூட்டினாலும் வருகிறார்கள் என்று உரிமையாளரின் வக்கீலுக்குக் கிடைக்கும் சாட்சி. குத்தகைக்கும் பலகைக்கும் திருத்தத்துக்கும் வருடக்கணக்கில் அலைந்தவர்களின் பேச்சுவார்த்தையில் அது யார் பக்கம் எடை சேர்க்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று சிகரங்களுக்கு இவ்வளவு ஆன பிறகும் ப்ராஸ் உச்சி 2024-ன் திருத்தத்தால் தானாகத் திறந்துவிடவில்லை. திருத்தம், திறக்க விரும்பும் உரிமையாளரின் பயத்தைத்தான் போக்குகிறது. பல பேர் பெயரில் சிதறிய துண்டுகளுக்கு ஒருமித்த சம்மதத்தை அதனால் உண்டாக்க முடியாது. லிங்கனிலிருந்து வரும் பாதை அதன் உச்சிக்குக் கீழே ஓரமாக வளைந்து கைட் ஏரியை நோக்கி இறங்குகிறது. மேலே போக ஒரு தடம் பிரிந்து தெரியும், நிறையக் கால்கள் பதித்த தடம். பிரிவில் நின்றால் உச்சி பக்கத்தில்தான். கீழே போகிற தடத்தைப் பிடிப்பதுதான் முறை.